ஃபாதர் ஸ்கூலில் சேர்க்கலாமா?



வீட்டில் ஐந்தாம் வகுப்பு முடித்த பையன் இருந்தால், ஏப்ரல், மே மாதங்களில் வேறு பேச்சுக்கே இடமில்லை. ஆறாம் வகுப்புக்கு எங்கே சேர்ப்பது? நடந்து போகிற தூரத்தில் இருக்கும் அரசுப் பள்ளியா? வாசலுக்கே வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும் மெட்ரிக் பள்ளியா? இல்லை, டவுனுக்குள் தலைமுறை தலைமுறையாக நிற்கிற அந்த ஆண்கள் பள்ளியா?

அந்த மூன்றாவது பள்ளியை உங்களுக்கு நன்றாகத் தெரியும். உயரமான காம்பவுண்டு சுவர். உள்ளே பரந்து கிடக்கும் மைதானம். நுழைந்ததும் ஒரு மாதா கெபி, அல்லது ராமகிருஷ்ணர் படம், அல்லது பக்கத்திலேயே ஒரு பள்ளிவாசல். பாளையங்கோட்டை தூய சவேரியார், திருச்சி தூய வளனார், எழும்பூர் டான் பாஸ்கோ, வாணியம்பாடி இஸ்லாமியா, கோவை ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயம் என்று ஊருக்கு ஊர் ஒரு பெயர். அப்பா அங்கே படித்திருப்பார். இல்லாவிட்டால் அங்கே இடம் கிடைக்காத வருத்தம் அவருக்கு இன்னும் இருக்கும். எதுவானாலும் பாதி முடிவு அங்கேயே ஆகிவிடும்!

இந்தச் சமயத்தில் நமக்கு வரும் கடிதங்களில் இரண்டு கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. ‘நாங்கள் வேறு மதம். அங்கே சேர்த்தால் பையன் மனதை மாற்றிவிடுவார்களா?’ இது ஒன்று. ‘வீட்டில் சொல் பேச்சு கேட்பதில்லை. அங்கே போட்டால் திருந்துவானா?’ இது இன்னொன்று.

முதல் கேள்விதான் நம் வீடுகளில் அதிகம் பேசப்படுகிறது. எனக்கோ இரண்டாவது கேள்விதான் அதிகக் கவலை தருகிறது. ஏன் என்று சொல்கிறேன். அதற்கு முன் முதல் கேள்வியை முடித்துவிடலாம்.

மத நிறுவனம் நடத்தும் பள்ளியில் மதம் இருக்கத்தான் செய்யும். காலை அசெம்பிளியில் ஒரு ஜெபம், ஆண்டுக்குச் சில திருப்பலிகள், சுவரில் சில வாசகங்கள். கத்தோலிக்கப் பள்ளிகளில் பொதுவாக ஒரு பீரியட் இரண்டாகப் பிரியும். கத்தோலிக்கப் பையன்கள் மறைக்கல்விக்குப் போவார்கள். மற்றவர்களுக்கு நன்னெறி வகுப்பு. அந்த நன்னெறி வகுப்பில் என்ன நடக்கும் என்பது வருகிற ஆசிரியரைப் பொறுத்தது. நல்ல ஆசிரியர் அமைந்தால் கதை கேட்கலாம். இல்லாவிட்டால் கணக்கு வீட்டுப்பாடத்தை முடித்துக்கொள்ளலாம்.

இதில் உங்கள் உரிமை என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள். நம் அரசியல் சட்டத்தின் 30-வது பிரிவு, சிறுபான்மையினர் தங்களுக்கென்று கல்வி நிறுவனங்களைத் தொடங்கி நடத்தும் உரிமையைக் கொடுக்கிறது. அதே சட்டத்தின் 28(3) பிரிவு, அரசு அங்கீகாரமோ அரசு நிதியோ பெறும் எந்தப் பள்ளியிலும் மதபோதனையிலோ வழிபாட்டிலோ ஒரு மாணவனைக் கட்டாயமாக உட்கார வைக்க முடியாது என்கிறது. பதினெட்டு வயதுக்குள் இருக்கும் பையன் என்றால் பெற்றோரின் சம்மதம் வேண்டும். அதாவது ‘என் பையன் பூசைக்கு வர மாட்டான்’ என்று நீங்கள் மரியாதையாகச் சொல்லலாம். எந்த ஹெச்.எம்.மும் அதற்காக அவனை ஒதுக்கிவைக்க முடியாது.

நடைமுறையில் இந்த உரிமையைக் கேட்டுப் பெறுகிறவர்கள் மிகக் குறைவு. அதற்குத் தேவையே வராததுதான் காரணம். இந்தப் பள்ளிகளில் படித்து வந்த எத்தனை தாத்தாக்கள் நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு நம் நடுவே உட்கார்ந்திருக்கிறார்கள்? ‘எங்க ஃபாதர் மாதிரி இங்கிலீஷ் சொல்லித்தர இன்னைக்கு ஆள் கிடையாதுடா’ என்று சொல்வார்கள். அடுத்த நிமிடம் பிரதோஷத்துக்குக் கிளம்பிவிடுவார்கள்.

இந்தப் பேச்சு வந்தால் யாராவது ஒருவர் அப்துல் கலாமை இழுக்காமல் விட மாட்டார். ராமேஸ்வரத்து முஸ்லிம் பையன் ராமநாதபுரம் ஷ்வார்ட்ஸ் பள்ளியில் படித்தார். பிறகு திருச்சி தூய வளனார் கல்லூரியில் படித்தார். ஷ்வார்ட்ஸில் தனக்குக் கிடைத்த அய்யாதுரை சாலமன் என்ற ஆசிரியரைப் பற்றி ‘அக்னிச் சிறகுகள்’ நூலில் அவரே நன்றியோடு எழுதியிருக்கிறார். உண்மைதான். ஆனால் ஒரு கலாமை வைத்து ஒரு பள்ளியை எடைபோட வேண்டாம் என்பது என் கட்சி. அதே பெஞ்சில் உட்கார்ந்து எட்டாம் வகுப்போடு நின்றுபோனவர்களின் கதையை யார் எழுதினார்கள்?

மதத்தைவிடச் சின்னதாகத் தோன்றும் சில விஷயங்கள்தான் வீட்டில் நிஜமான தலைவலியைக் கொடுக்கும். கார்த்திகையில் மாலை போட்ட பையன் ஷூ இல்லாமல் வரலாமா? வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்கு முஸ்லிம் பையனை விடுவார்களா? ராமகிருஷ்ண மிஷன் ஹாஸ்டலில் சைவச் சாப்பாடு என்றால், கருவாட்டுக் குழம்புக்குப் பழகிய பையன் எத்தனை நாள் தாங்குவான்? இதையெல்லாம் சேர்த்த பிறகு நவம்பர் மாதம் சண்டையாக்குவதைவிட, சேர்க்கும் அன்றே கேட்டுவிடுவது இரண்டு பக்கத்துக்கும் நல்லது. நாகரிகமான நிர்வாகம் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்படாது. கோபப்பட்டால் அதுவே உங்களுக்கு ஒரு பதில்.

பையன் வீட்டுக்கு வந்து, ‘நாம ஏம்மா சர்ச்சுக்குப் போறதில்லை?’ என்று கேட்பான். கேட்கட்டுமே. உட்கார்ந்து பதில் சொல்லுங்கள். நம் வீட்டு நம்பிக்கையைப் பற்றி நாமே பேசாமல் இருந்துவிட்டு, பள்ளிக்கூடம் பேசிவிடுமோ என்று பயப்படுவதில் நியாயம் இல்லை.

இப்போது காசு பக்கம் வருவோம். இங்கேதான் நம் வாசகர்களில் பலர் விவரம் தெரியாமல் மாட்டிக்கொள்கிறார்கள்.

‘ஃபாதர் ஸ்கூல்’ என்று நாம் ஒரே பெயரில் சொல்வதற்குள் பல வகை இருக்கிறது. அரசு உதவி பெறும் பள்ளியில் ஆசிரியர் சம்பளத்தை அரசு கொடுக்கிறது; பையனுக்குப் பாடப்புத்தகம் இலவசம். ஆனால் அதே வளாகத்தில், அதே பெயர்ப் பலகைக்குக் கீழே, சுயநிதிப் பிரிவு என்று தனியாக ஆங்கில வழி வகுப்புகள் நடக்கும். அதற்கு ஃபீஸ் கட்ட வேண்டும். பக்கத்துக் கட்டடத்தில் அதே சபை நடத்தும் மெட்ரிக் பள்ளியோ சி.பி.எஸ்.இ. பள்ளியோ இருந்தால் அதற்கு இன்னொரு ஃபீஸ். ‘எய்டட் செக்‌ஷனா, செல்ஃப் ஃபைனான்ஸா?’ என்ற ஒரு கேள்வியைக் கேட்காமல் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

அடுத்தது, இதைவிட முக்கியம். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டைத் தமிழக அரசு 2020-ல் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளுக்கும் அது விரிந்தது. பொதுவாக ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத்தான் இது. அரசு உதவி பெறும் பள்ளி இதில் சேராது. ‘அதுவும் அரசாங்கக் காசில் நடக்கிற பள்ளிதானே?’ என்று கேட்டுப் பலர் நீதிமன்றம் வரை போனார்கள், பலன் இல்லை. ஆக, பக்கத்து அரசுப் பள்ளியை விட்டு, பேர் பெற்ற உதவி பெறும் பள்ளிக்கு ஆறாம் வகுப்பில் பையனை மாற்றுகிற அன்றே அந்தக் கதவை நாம் மூடுகிறோம். டாக்டர் கனவு இருக்கும் வீட்டினர் இதைத் தெரிந்துதான் முடிவெடுக்கிறார்களா?

கல்லூரியில் சேரும் மாணவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கியது. அது அரசுப் பள்ளி மாணவர்களுக்கு உண்டு. உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. அதே பள்ளியில் ஆங்கில வழியில் படித்தவனுக்கு இல்லை. மாநில அரசு வேலைகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை இருக்கிறது. 2020-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு அதற்கு ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும். இங்கிலீஷ் மீடியம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அண்ணன், தம்பி, பக்கத்து வீட்டுக்காரர் எல்லோரும் இங்கிலீஷ் மீடியத்தில் போட்டார்கள் என்பதற்காக நாமும் போட்டுவிட்டு, ஏழு வருடம் கழித்து வருத்தப்பட வேண்டாம் என்பதுதான்.

டொனேஷன் பற்றி ஒரு வரி. கட்டாய நன்கொடை வாங்குவதை 1992-லேயே தமிழ்நாட்டில் சட்டம் போட்டுத் தடுத்திருக்கிறார்கள். சுயநிதிப் பள்ளிகள் எவ்வளவு ஃபீஸ் வாங்கலாம் என்று நிர்ணயிக்க 2009-ல் வந்த சட்டப்படி ஒரு கமிட்டி இருக்கிறது. ‘கமிட்டி நிர்ணயித்த ஃபீஸ் எவ்வளவு?’ என்று கேளுங்கள். ரசீது இல்லாமல் எதையும் கொடுக்காதீர்கள். ‘கோயில் கட்டட நிதி’, ‘மைதான வளர்ச்சி நிதி’ என்று எந்தப் பெயர் சொன்னாலும் சரி.

இனி அந்த இரண்டாவது கேள்வி. அங்கே போட்டால் திருந்துவானா?

நாம் அங்கே வாங்கப் போவது ஒரே ஒரு பொருளைத்தான். அதன் பெயர் டிசிப்ளின். ‘படிப்பு முன்னே பின்னே இருந்தாலும் பரவாயில்லை சார், டிசிப்ளின் இருக்கு’ என்று சொல்லாத அப்பா உண்டா? சர்வீஸுக்கு விட்ட வண்டியைப்போல, பையனை ஒப்படைத்துவிட்டு ஏழு வருடம் கழித்து சரிசெய்து வாங்கிக்கொள்ளலாம் என்று ஒரு நம்பிக்கை. ‘கண்ணை மட்டும் விட்டுட்டு எங்க வேணும்னாலும் அடிங்க ஃபாதர்’ என்று அட்மிஷன் அறையில் சிரித்துக்கொண்டே சொன்ன தலைமுறை நாம்.

அந்த வசனத்தை இனி சொல்லாதீர்கள். பள்ளியில் அடிப்பதற்குத் தமிழ்நாட்டில் தடை இருக்கிறது. பெற்றோர் அனுமதி கொடுத்தாலும் அது தடைதான். சட்டத்தை விடுங்கள். அடியால் வந்த அமைதி கேட்டுக்கு வெளியே தங்காது என்பது பையன்களை வளர்த்த எல்லோருக்கும் தெரியும். உள்ளே சத்தமில்லாமல் வரிசையில் நின்றவன் பஸ் ஸ்டாண்டில் என்ன செய்கிறான் என்று பார்த்திருக்கிறீர்களா?

இந்தச் சபைகளைத் தொடங்கியவர்களே இந்த விஷயத்தில் நம்மைவிட முன்னே போனவர்கள். இத்தாலியின் தூரின் நகரத்தில் டான் பாஸ்கோ தன் வேலையைத் தொடங்கியது பணக்கார வீட்டுப் பிள்ளைகளோடு அல்ல. வேலை தேடி நகரத்துக்கு வந்து தெருவில் அலைந்த பையன்கள், சிறைக்குப் போய் வந்த பையன்கள், இவர்களோடுதான். தவறு நடந்த பிறகு தண்டிப்பதை அவர் நம்பவில்லை. தவறு நடக்காதபடி பையன்களோடு கூடவே இருப்பது, அவர்களோடு விளையாடுவது, அறிவு, சமயம், அன்பு மூன்றையும் வைத்து வளர்ப்பது, இதுதான் அவர் முறை. அவருடைய சலேசிய சபையினர் 1906-ல் முதலில் வந்து பணியைத் தொடங்கியது நம் தஞ்சாவூரில். அதற்கு முந்தைய ஆண்டு மயிலாப்பூரில் ராமகிருஷ்ண மிஷன் மாணவர் இல்லம் தொடங்கியது. அதுவும் படிக்க வசதியில்லாத ஏழைப் பையன்களுக்காக. தி.சு. அவினாசிலிங்கம் 1930-ல் கோவையில் வித்யாலயத்தைத் தொடங்கியபோதும் சாதி வித்தியாசம் இல்லாமல் பிள்ளைகளை ஒன்றாகத் தங்கவைத்து வளர்ப்பதுதான் நோக்கம்.

ஆகவே ஒரு பள்ளி தன் பெயரில் ஒரு புனிதரையோ துறவியையோ வைத்துக்கொண்டிருந்தால், அந்தப் பெயரை வைத்தே நாம் கேள்வி கேட்கலாம். என் கேள்வி இதுதான்: ஒன்பதாம் வகுப்பில் எத்தனை பையன்களுக்கு டி.சி. கொடுத்தீர்கள்?

பத்தாம் வகுப்பில் நூறு சதவீதத் தேர்ச்சி என்று மே மாதம் வாசலில் பேனர் தொங்கும். அந்த நூறு எப்படி வருகிறது? சில பள்ளிகளில் உண்மையான உழைப்பால் வருகிறது. சாயங்கால ஸ்டடி, சனிக்கிழமை வகுப்பு, பின்தங்கிய பையனைத் தனியாக உட்கார வைத்துச் சொல்லித்தரும் ஆசிரியர்கள். இன்னும் சில பள்ளிகளில் வேறு வழியில் வருகிறது. எட்டாம் வகுப்பு வரை தேர்ச்சி போட்டுவிட்டு, ஒன்பதாம் வகுப்பில் அப்பாவைக் கூப்பிடுவார்கள். ‘இங்கே கஷ்டம் சார். வேற ஸ்கூல்ல போட்டா பாஸாயிடுவான்’ என்று தன்மையாகச் சொல்வார்கள். அப்பா டி.சி. வாங்கிக்கொண்டு, பையனின் முகத்தைப் பார்க்காமல் பைக்கை ஸ்டார்ட் செய்வார். அந்தப் பையன் அடுத்த ஜூனில் போய் நிற்பது பெரும்பாலும் அரசுப் பள்ளியின் வாசலில்தான். அங்கே தேர்ச்சி விகிதம் குறைந்தால், ‘பார்த்தீர்களா, அரசுப் பள்ளியில் சரியாகச் சொல்லித்தருவதில்லை’ என்று நாமே பேசுகிறோம்.

மார்க் குறைந்த பையனை வைத்துக்கொள்ளாத பள்ளிக்கு வேதம் எதற்கு?

இந்தக் கேள்வியை நேராகக் கேட்டால் அலுவலகத்தில் பதில் வராது. வேறு வழி இருக்கிறது. ஆறாம் வகுப்பில் எத்தனை செக்‌ஷன், பத்தாம் வகுப்பில் எத்தனை செக்‌ஷன் என்று கேளுங்கள். ஆறில் ஐந்து செக்‌ஷன் இருந்து பத்தில் மூன்றுதான் என்றால், மீதிப் பையன்கள் எங்கே போனார்கள்? அந்தத் தெருவில் இருக்கும் டியூஷன் மாஸ்டருக்கு விடை தெரியும்.

பையன்களுக்கு மட்டுமான பள்ளி நல்லதா, இருபாலர் பள்ளி நல்லதா? இதில் ஆளுக்கு ஒரு கருத்து. 2024 பிளஸ் டூ தேர்வில் மாணவிகள் 96.44 சதவீதமும் மாணவர்கள் 92.37 சதவீதமும் தேர்ச்சி பெற்றார்கள். ஆண்டுதோறும் இதே கதைதான். நம் பையன்கள் பின்தங்கியே வருகிறார்கள். தேர்வுத் துறை வெளியிடும் பட்டியலில் ஆண்கள் பள்ளிகளின் சராசரியும் மற்றவற்றைவிடக் குறைவாகத்தான் இருந்துவருகிறது. இதை வைத்து ஆண்கள் பள்ளியே மோசம் என்று சொல்லிவிட முடியாது. பின்தங்குகிற கூட்டத்தை மட்டும் சேர்த்து வைத்தால் சராசரி குறையத்தானே செய்யும்? ஆனால் ‘பொண்ணுங்க இல்லேன்னா கவனம் சிதறாது, மார்க் வரும்’ என்று வீட்டில் சொல்வதற்கும் இந்தக் கணக்கில் ஆதாரம் இல்லை.

ஆண்கள் பள்ளியில் ஒரு நல்லது உண்டு. பாட்டு, நாடகம், ஓவியம் எல்லாவற்றையும் பையன்களே செய்தாக வேண்டும். ஆண்டு விழாவில் ராணி வேஷம் போட்டவனை அடுத்த நாள் கிண்டல் செய்வார்கள். அவன்தான் அடுத்த வருடமும் போடுவான். குறையும் உண்டு. பன்னிரண்டாம் வகுப்பு வரை ஒரு பெண்ணோடு சாதாரணமாக நின்று பேசிப் பழகாதவன், கல்லூரியில் லேப் பார்ட்னரிடம் பேச ஒரு செமஸ்டர் எடுத்துக்கொள்கிறான். வீட்டில் அக்காவோ தங்கையோ இல்லாத பையன் என்றால் இதையும் யோசியுங்கள்.

அடுத்து நான் எழுதப் போவதைப் படிக்கச் சங்கடமாக இருக்கும். ஆனால் இந்தப் பக்கத்தில் எழுதாமல் வேறு எங்கே எழுத?

மகளை ஹாஸ்டலில் சேர்க்கும்போது நாம் ஆயிரம் கேள்வி கேட்கிறோம். மகன் என்றால், ‘ஆம்பளப் பையன், அவனுக்கு என்ன?’ என்று பெட்டியை இறக்கி வைத்துவிட்டு வந்துவிடுகிறோம். மத்திய மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007-ல் 13 மாநிலங்களில் குழந்தைகளிடம் எடுத்த ஆய்வு ஒன்று இருக்கிறது. தமிழ்நாடு அந்த 13-ல் இல்லை. பாலியல் தொல்லைக்கு ஆளானதாகச் சொன்ன குழந்தைகளில் 52.94 சதவீதம் பேர் பையன்கள். பாதிக்கும் மேல். பெண் பிள்ளைகளாவது அம்மாவிடம் சொல்வார்கள். பையன்கள் சொல்வதில்லை, சொன்னாலும் நாம் நம்புவதில்லை. அதுவும் அங்கியோ காவியோ உடுத்திய ஒருவரைப் பற்றி என்றால், ‘வாயை மூடுடா’ என்பதுதான் முதலில் வரும்.

2012-ல் வந்த போக்சோ சட்டம் ஆண், பெண் என்று பார்ப்பதில்லை. 18 வயதுக்குள் இருக்கும் எல்லோருக்கும் அது பொருந்தும். நடந்தது தெரிந்தும் போலீஸில் சொல்லாமல் மறைப்பதும் அந்தச் சட்டப்படி குற்றம். ‘நாங்களே உள்ளே விசாரித்து அவரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டோம்’ என்று ஒரு நிர்வாகம் சொன்னால் அது தீர்வு அல்ல. பிள்ளைகள் தங்கும் விடுதிகள் 2014-ம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் பெற்றிருக்க வேண்டும். சேர்க்கும் முன் அந்த உரிமத்தைக் கேளுங்கள். இரவில் பையன்களோடு யார் தங்குகிறார்கள், வீட்டுக்குப் பேசப் போன் எங்கே இருக்கிறது, பேசும்போது பக்கத்தில் யார் நிற்பார்கள் என்றும் கேளுங்கள். 1098, 14417 என்ற இரண்டு இலவச எண்களையும் பையனுக்கு மனப்பாடம் செய்ய வையுங்கள். 1098 குழந்தைகளுக்கான உதவி எண், 14417 நம் பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண். திருக்குறள் மனப்பாடம் செய்கிறவனுக்கு இது பெரிய விஷயமா?

சாதி பற்றியும் சொல்ல வேண்டும். மதம் பற்றி அத்தனை கேள்வி கேட்கிறவர்கள் சாதி பற்றி ஒரு கேள்வியும் கேட்பதில்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவனையும் அவன் தங்கையையும் சக மாணவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். வெட்டியவர்களும் சீருடை போட்ட பிள்ளைகள்தான். அதன் பிறகு அரசு நியமித்த நீதியரசர் கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கையில் சாதிக்கொரு நிறத்தில் கயிறு, சாதி நிறம் பூசிய சைக்கிள் என்று பள்ளிக்குள் என்னென்ன அடையாளங்கள் நுழைகின்றன என்று அதில் விவரமாக இருக்கிறது. தென் மாவட்டங்களில் சபை நடத்தும் பள்ளிகளும் இதிலிருந்து தப்பவில்லை. சபைக்குள்ளேயே இன்னார் பங்கு, இன்னார் கல்லறை என்ற சண்டை இருக்கும் ஊர்கள் உங்களுக்குத் தெரியாதா?

நீங்கள் விசாரிக்கும் பள்ளியில் மதிய உணவு வேளையில் பையன்கள் யாரோடு யார் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்று பாருங்கள். கைக் கயிறைப் பற்றி ஹெச்.எம். என்ன நினைக்கிறார் என்று கேளுங்கள். ‘எங்க ஸ்கூல்ல அந்தப் பிரச்சினையே இல்லை சார்’ என்று ஒரே வரியில் முடித்தால் எனக்கு நம்பிக்கை வராது. ‘இருந்தது, இப்படிச் சமாளித்தோம்’ என்று சொல்கிறவரிடம் பையனைத் தாராளமாக விடலாம்.

இவ்வளவு சொன்ன பிறகு, நீ என்னதான் சொல்கிறாய் என்று கேட்பீர்கள். சேர்க்கலாம் என்றுதான் சொல்வேன், பல இடங்களில். இந்தப் பள்ளிகளில் இன்னும் சில விஷயங்கள் மிச்சமிருக்கின்றன. பத்தாம் வகுப்புக்கும் விளையாட்டு பீரியட் உண்டு. முப்பது வருடம் அதே பள்ளியில் இருக்கும் ஆசிரியர், அப்பாவுக்கும் பாடம் எடுத்து மகனுக்கும் எடுப்பார். இரவு எட்டு மணிக்குப் போனாலும் வளாகத்தில் பொறுப்பான ஒருவர் இருப்பார். லாபத்துக்கு நடக்கும் பள்ளியில் இதெல்லாம் எளிதில் கிடைக்காது. ஆனால் ஹெச்.எம். மாறினால் பள்ளியே மாறிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். நீங்கள் படித்த காலத்து ஃபாதர் இப்போது அங்கே இல்லை. உங்கள் நினைவில் இருக்கும் பள்ளியில் உங்கள் மகனைச் சேர்க்க முடியாது. இன்று நடக்கும் பள்ளியில்தான் சேர்க்க முடியும்.

அதனால் விண்ணப்பம் வாங்கப் போகும் நாளுக்கு முன்பே ஒரு நாள், பள்ளி விடும் நேரத்துக்குப் போங்கள். எதிரே டீக்கடை இருக்கும். ஒரு டீ சொல்லிவிட்டு நில்லுங்கள். வெளியே வரும் பையன்கள் வாட்ச்மேனிடம் எப்படிப் பேசுகிறார்கள், சின்னப் பையன்களைப் பெரிய பையன்கள் எப்படி நடத்துகிறார்கள் என்று பாருங்கள். முடிந்தால் பாத்ரூமையும் எட்டிப் பாருங்கள். ஸ்மார்ட் கிளாஸை அவர்களே காட்டுவார்கள்.

பையனையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஏழு வருடம் அங்கே இருக்கப் போகிறவன் அவன்தான். ‘உனக்குப் பிடிச்சிருக்கா?’ என்று அவனிடம் ஒரு வார்த்தை கேட்க நம் வீடுகளில் ஏனோ மறந்துவிடுகிறார்கள்.

இப்படிப்பட்ட பள்ளிகளில் படித்தவர்கள், இப்போது மகன்களைச் சேர்த்திருப்பவர்கள், அங்கே பாடம் நடத்துகிறவர்கள் எல்லோரும் உங்கள் அனுபவத்தை எழுதி அனுப்புங்கள். வரும் இதழ்களில் வெளியிடுவோம். முதல் மார்க் எடுத்தவர்கள் பள்ளி மலரில் ஏற்கெனவே எழுதிவிட்டார்கள். ஒன்பதாம் வகுப்பில் டி.சி. வாங்கிப் போனவர்கள் எங்களுக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்